மலிவான ஷிப்பிங் எது? ரேட் கார்டுக்கு முன்னால் பெட்டியைப் பாருங்கள்

முதல் ஆர்டர் வந்த சந்தோஷத்தில், வீட்டில் கிடந்த காலி ஷூ பெட்டி ஒன்றைத் தேடி எடுத்தேன். அதற்குள் போக வேண்டியது கையால் தைத்த இரண்டு நோட்டுப் புத்தகங்கள். மிச்ச இடத்தில் பழைய செய்தித்தாளைக் கசக்கித் திணித்தேன், டேப்பைச் சுற்றினேன், கூரியர் கவுன்ட்டரில் கொண்டுபோய் வைத்தேன். தராசு 600 கிராம் காட்டியது. பில் 2 கிலோவுக்கு வந்தது. சண்டை போடத் தயாராகிவிட்டேன். கவுன்ட்டரில் இருந்தவர் ஒன்றும் பேசாமல் ஸ்கேலை எடுத்துப் பெட்டியை அளந்தார். 33, 20, 12 சென்டிமீட்டர். மூன்றையும் பெருக்கினால் 7,920. அதை 5,000-ஆல் வகுத்தால் 1.58 கிலோ. அரைக் கிலோ கணக்கில் மேலே ஏற்றினால் 2 கிலோ. அவர் பக்கம் தப்பே இல்லை.

புதிதாக ஆன்லைனில் விற்க வருகிற எல்லோரும் கேட்கிற கேள்வி, ‘எந்த சர்வீஸ் மலிவு?’ என்பதுதான். என் அனுபவத்தில் அதற்கான பாதி பதில் நம் பெட்டியிலேயே இருக்கிறது. இன்னொரு பாதி, அனுப்பிய பார்சல்களில் எத்தனை உண்மையிலேயே போய்ச் சேர்கின்றன என்பதில் இருக்கிறது. இந்த இரண்டையும் பார்க்காமல் ரேட் கார்டுகளை மட்டும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டால், குறைந்த ரேட்டைத் தேர்ந்தெடுத்து அதிகச் செலவு செய்துகொண்டிருப்போம். நான் நாலைந்து மாதம் அப்படித்தான் செய்தேன்.

காற்றுக்கும் காசு

மேலே சொன்ன கணக்குக்கு வால்யூமெட்ரிக் வெயிட், அதாவது கன எடை என்று பெயர். தராசு எடை, கன எடை இரண்டில் எது அதிகமோ அதற்குத்தான் பில். கூரியர்களிடம் பரவலாக இருக்கும் வகு எண் 5,000. விமானச் சரக்கில் 6,000-மும் புழங்குகிறது. வகு எண் பெரிதாக இருந்தால் நமக்கு லாபம். அதனால் எந்த சர்வீஸை விசாரித்தாலும் ரேட்டோடு சேர்த்து வகு எண்ணையும் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

5,000 என்ற எண்ணை இன்னொரு விதமாகவும் பார்க்கலாம். ஒரு லிட்டர் கொள்ளளவுக்கு 200 கிராம் என்று அவர்கள் எடுத்துக்கொள்கிறார்கள். உங்கள் பார்சல் லிட்டருக்கு 200 கிராமுக்கு மேல் கனத்தால் தராசு எடைதான் பேசும். அதற்குக் கீழே இருந்தால் காற்றுக்குக் காசு கொடுக்கிறீர்கள். புத்தகம் விற்பவர்களுக்குப் பிரச்சினை இல்லை, பெட்டி மட்டும் அளவாக இருந்தால் போதும். பஞ்சு பொம்மை, தொப்பி, விளக்குக் கூடு, குஷன் விற்பவர்களுக்கு இந்த ஒரு எண்தான் வியாபாரம் ஓடுமா ஓடாதா என்பதையே முடிவு செய்யும். 700 கிராம் குஷனை 40 × 30 × 20 பெட்டியில் வைத்தால் கன எடை 4.8 கிலோ. அதே குஷனைக் காற்றை உறிஞ்சி எடுக்கும் பையில் தட்டையாக்கி அனுப்பினால் பாதிக்கும் கீழே போய்விடும்.

இந்த விதி எப்போதும் எல்லா இடத்திலும் இவ்வளவு கறாராக இருந்ததில்லை. அமெரிக்காவில் ஃபெடெக்ஸ், யூபிஎஸ் என்ற இரண்டு பெரிய கூரியர் நிறுவனங்களும் 3 கன அடிக்கு உட்பட்ட தரைவழிப் பார்சல்களைத் தராசு எடையிலேயே விட்டுவைத்திருந்தன. 2015 பிறக்கும் சமயத்தில்தான் இரண்டும் எல்லாத் தரைவழிப் பார்சல்களுக்கும் கன எடையைக் கொண்டுவந்தன. வண்டி எடையில் நிரம்புவதற்கு முன்பே இடத்தில் நிரம்பிவிடுகிறது, அவர்கள் பக்கத்தில் அது நியாயமான காரணம்தான்.

அடுத்தது ஸ்லாப். பல இடங்களில் எடை 500 கிராம், 1 கிலோ என்று படிப்படியாகத்தான் ஏறும். உங்கள் பொருள் 440 கிராம், அட்டைப்பெட்டி 90 கிராம் என்றால் மொத்தம் 530. வெறும் 30 கிராமுக்காக அடுத்த ஸ்லாபுக்குப் பணம் கட்டுவீர்கள். உடையாத பொருளாக இருந்தால் பிளாஸ்டிக் கூரியர் கவரில் போடுங்கள். கவர் 15 கிராம்தான் வரும், 455-இல் முடிந்துவிடும். கூரியரை மாற்றாமலேயே, யாரிடமும் பேரம் பேசாமலேயே கிடைக்கிற தள்ளுபடி இது. சமையலறைத் தராசு ஒன்றும் அளவு டேப் ஒன்றும் முதலில் வாங்குங்கள், லோகோ எல்லாம் அப்புறம் வரைந்துகொள்ளலாம்.

தபாலா, கூரியரா?

சிறிய, லேசான, விலை குறைந்த பொருளுக்குத் தபாலை அடித்துக்கொள்ள ஆளில்லை. சர்வதேச அஞ்சல் ஒன்றிய விதிப்படி சிறு பொதி 2 கிலோ வரை இருக்கலாம். நீளம், அகலம், உயரம் மூன்றையும் கூட்டினால் 90 சென்டிமீட்டரைத் தாண்டக் கூடாது, எந்தப் பக்கமும் 60-ஐத் தாண்டக் கூடாது. இந்த வரம்புக்குள் இருக்கும் வரை பொதுவாக எடைக்குத்தான் கட்டணம், கன எடைத் தொல்லை வராது. உள்நாட்டு வரம்புகள் நாட்டுக்கு நாடு மாறும், உங்கள் தபால் துறையின் அட்டவணையைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

தபாலின் இன்னொரு பலம் தூரம். கூரியர்கள் ஊரை மண்டலங்களாகப் பிரித்து, தள்ளிப் போகப் போக ரேட்டை ஏற்றுவார்கள். ஒதுக்குப்புறக் கிராமம் என்றால் தனியாக ஒரு கூடுதல் கட்டணமும் விழும், சில சமயம் ‘அங்கே சர்வீஸே இல்லை’ என்பார்கள். தபாலோ பெரும்பாலும் எல்லா முகவரிக்கும் போகும், லேசான பொதிகளுக்குத் தூரத்தைப் பெரிதாகப் பார்க்காது. 19-ஆம் நூற்றாண்டில் பிரிட்டனில் தபால் முறையைச் சீர்திருத்திய ரோலண்ட் ஹில் கணக்குப் போட்டுப் பார்த்து, கடிதத்தைத் தூக்கிக்கொண்டு போகிற செலவு சொற்பம், இரு முனைகளிலும் அதைக் கையாளுகிற செலவுதான் பெரிது என்று காட்டினார். அதன் பலனாக 1840-இல் தூரம் பார்க்காத ஒரே கட்டணம் வந்தது. அந்தச் சிந்தனையின் மிச்சம்தான் இன்றும் நமக்கு உதவுகிறது. வாடிக்கையாளர்கள் நாலா பக்கமும் சிதறிக் கிடந்தால் தபால் பக்கம் சாயுங்கள். பெரும்பாலானவர்கள் பெருநகரங்களில் என்றால் கூரியர் ரேட் போட்டிக்கு வரும்.

தபாலின் பலவீனமும் தெரிந்ததுதான். ட்ராக்கிங் இல்லாத சாதாரணப் பொதி, பெட்டியில் விழுந்த நொடியிலிருந்து கடவுள் விட்ட வழி. வீட்டுக்கு வந்து எடுத்துப் போகிற பிக்கப் வசதி எல்லா இடத்திலும் கிடையாது, வரிசையில் நிற்க வேண்டியிருக்கும். அந்த நேரத்துக்கும் ஒரு விலை உண்டு. ஒரு நாளைக்கு இரண்டு பார்சல் என்றால் பரவாயில்லை. பதினைந்து பார்சலை ஒவ்வொன்றாக ஒட்டி, எடை போட்டு, ரசீது வாங்கி வருவதற்குள் அரை நாள் போய்விடும்.

ட்ராக்கிங்குக்குக் கூடுதல் பணம் கட்டலாமா என்று தயங்குபவர்களுக்கு ஒரு கணக்கு. சாதாரணத் தபால் 30, ட்ராக்கிங்கோடு 55 என்று வைத்துக்கொள்வோம். வித்தியாசம் 25. பொருளின் அடக்க விலை 200. ஒன்று தொலைந்தால், மறுபடி ஒன்றை அனுப்ப 230 ஆகும். 25-ஐ 230-ஆல் வகுத்தால் கிட்டத்தட்ட 11 சதவீதம். அதாவது நூறு பார்சலில் பதினோரு பார்சல் தொலைந்தால்தான் ட்ராக்கிங் தன் செலவை ஈட்டும். அவ்வளவு தொலைகிறது என்றால் அந்தச் சேவையையே விட்டுவிட வேண்டும். அதே கணக்கில் அடக்க விலை 1,500 என்றால் 1.6 சதவீதம் போதும், ட்ராக்கிங் கட்டாயம் ஆகிவிடுகிறது. எனவே எல்லாப் பொருளையும் ஒரே வழியில் அனுப்ப வேண்டும் என்று யாரும் சட்டம் போடவில்லை. ஸ்டிக்கர், புக்மார்க், நூல் உருண்டை ஒரு வழியில் போகட்டும், விலை கூடியது இன்னொரு வழியில் போகட்டும்.

இந்தக் கணக்கில் வராத ஒன்று, ‘என் பார்சல் எங்கே?’ என்ற கேள்வி. ட்ராக்கிங் எண் இல்லை என்றால் ஒவ்வொரு வாடிக்கையாளருக்கும் நீங்களே பதில் எழுத வேண்டும். அதோடு, வந்த பொருளை வரவில்லை என்று சொல்பவர்களிடம் காட்ட உங்களிடம் ஒன்றும் இருக்காது. பணம் செலுத்தும் நிறுவனத்தில் ஒருவர் புகார் கொடுத்தால், டெலிவரி ஆனதற்கான சான்று இல்லாத விற்பனையாளருக்கு எதிராகத்தான் முடிவு போகும்.

வெளிநாட்டுத் தபால் எண்ணைப் பற்றி ஒரு சின்னக் குறிப்பு. எழுத்தும் எண்ணுமாக 13 இடம் கொண்ட அந்தக் குறியீட்டில் முதலில் இரண்டு எழுத்து, பிறகு ஒன்பது எண், கடைசியில் நாட்டைக் குறிக்கும் இரண்டு எழுத்து இருக்கும். ஆர் என்ற எழுத்தில் தொடங்கினால் பதிவுத் தபால், ஈ என்றால் துரித அஞ்சல், சி என்றால் பார்சல். யூ என்று தொடங்கும் எண் சுங்கத் தகவலுக்காக ஒட்டுவது, அது ட்ராக்கிங் எண் இல்லை. அதை வாடிக்கையாளருக்குக் கொடுத்துவிட்டு, ‘ஒன்றுமே காட்டவில்லையே’ என்று அவரிடம் திட்டு வாங்காதீர்கள்.

நேரடிக் கூரியர், அக்ரிகேட்டர்

கூரியர் கிளையில் நேரில் போய் ஒற்றைப் பார்சல் போடுவதுதான் இருப்பதிலேயே விலை கூடிய வழி. கவுன்ட்டர் ரேட் என்பது வருடத்துக்கு இரண்டு பார்சல் அனுப்புகிறவருக்கான ரேட். கூரியரோடு நேரடியாகக் கணக்குத் தொடங்கினால் குறையும், ஆனால் அதற்கு மாதாமாதம் இத்தனை பார்சல் என்று எதிர்பார்ப்பார்கள். புதிதாக வருபவருக்கு அது ஒத்துவராது.

அந்த இடைவெளியில் வந்தவைதான் அக்ரிகேட்டர்கள். ஆயிரக்கணக்கான சிறு விற்பனையாளர்களின் பார்சல்களைச் சேர்த்துக் காட்டி, கூரியர்களிடம் மொத்த ரேட் வாங்கி, அதில் தங்கள் பங்கை வைத்து நமக்குக் கொடுப்பார்கள். முன்கூட்டியே வாலட்டில் பணம் போட வேண்டும். ஒரே திரையில் ஐந்தாறு கூரியர்களின் ரேட் தெரியும், லேபிள் அங்கேயே அச்சாகும், வீட்டுக்கு வந்து எடுத்துக்கொள்வார்கள். மாதம் இருபது, முப்பது பார்சல் நிலையில் இருப்பவருக்கு என் ஓட்டு இதற்குத்தான்.

ஆனால் கண்ணைத் திறந்துகொண்டு போங்கள். முகப்பில் பெரிதாகப் போட்டிருக்கும் ‘இத்தனையில் இருந்து’ என்ற ரேட், மிகச் சிறிய ஸ்லாபுக்கு, ஒரே ஊருக்குள் அனுப்பும் பார்சலுக்கானது. ஒப்பிட வேண்டும் என்றால் உங்கள் வழக்கமான பார்சலின் எடையும் அளவும் எடுத்துக்கொண்டு, மூன்று முகவரிகளுக்குப் போட்டுப் பாருங்கள்: பக்கத்து ஊர், தொலைதூரப் பெருநகரம், எங்கோ ஒரு குக்கிராமம். எரிபொருள் கூடுதல் கட்டணம், வரி எல்லாம் சேர்ந்த கடைசித் தொகையை எழுதிக்கொள்ளுங்கள். மூன்றுக்கும் ஒரே கூரியர் மலிவாக வந்தால் ஆச்சரியம்தான்.

பெரிய தலைவலி எடைத் தகராறு. நீங்கள் 480 கிராம் என்று பதிவு செய்திருப்பீர்கள். கூரியரின் கிடங்கில் இயந்திரம் அளந்து 1 கிலோ என்று சொல்லும். வித்தியாசம் வாலட்டில் இருந்து தானாகக் கழிந்துவிடும், பல நாள் கழித்துத்தான் உங்களுக்கே தெரியும். எனக்கு ஒரே மாதத்தில் பதினோரு பார்சலுக்கு இப்படி நடந்தது. புகார் கொடுத்தேன். புகைப்படம் இருக்கிறதா என்றார்கள். இல்லை. பணம் போனது போனதுதான். அன்றிலிருந்து ஒவ்வொரு பார்சலையும் தராசில் வைத்து லேபிள் தெரிய ஒரு படம், அளவு டேப்போடு ஒரு படம். பத்து விநாடி வேலை. பெட்டி உப்பிக்கொண்டிருந்தால் இயந்திரம் அந்த உப்பலையும் சேர்த்து அளக்கும், அதனால் மூடியைத் தட்டையாக ஒட்டுங்கள்.

இன்னொரு சங்கடம், பார்சல் தொலைந்தால் யாரிடம் கேட்பது என்பது. கூரியரைக் கேட்டால் ‘உங்கள் ஒப்பந்தம் அவர்களோடு’ என்பார்கள், அக்ரிகேட்டரோ ‘கூரியர் பதிலுக்குக் காத்திருக்கிறோம்’ என்பார். வாலட்டில் பெரிய தொகையைப் போட்டு வைக்காதீர்கள், ஒரு வாரத்துக்கு வேண்டியது போதும்.

மார்க்கெட்பிளேஸில், அதாவது பலர் சேர்ந்து விற்கும் பெரிய ஆன்லைன் தளத்தில், விற்பவர்களுக்குத் தேர்வு குறைவு, பெரும்பாலும் அவர்கள் சொல்லும் கூரியர்தான். அங்கே ஷிப்பிங் கட்டணத்தைத் தனியாக ஒப்பிடுவதில் அர்த்தமில்லை. கமிஷன், ஷிப்பிங், ரிட்டர்ன் கழிவு எல்லாம் போகக் கையில் எவ்வளவு நிற்கிறது என்றுதான் பார்க்க வேண்டும். அவர்கள் கிடங்கிலேயே சரக்கை வைத்து அனுப்பும் ஏற்பாடு, ஒரே பொருள் திரும்பத் திரும்ப வேகமாக விற்கும்போது பலன் தரும். மெதுவாக நகரும் நாற்பது வகைப் பொருளை அங்கே அடுக்கினால் இட வாடகை உங்களைத் தின்றுவிடும். கனமான பொருள், அதாவது பதினைந்து இருபது கிலோவுக்கு மேல் போவது, லாரி பார்சல் சர்வீஸில்தான் கட்டுப்படியாகும். வாங்குபவர் டெப்போவுக்கு வந்து எடுத்துக்கொள்ள ஒப்புக்கொண்டால் இன்னும் குறையும்.

கேஷ் ஆன் டெலிவரி என்ற பொறி

புதிய கடையை யாருக்கும் தெரியாது, அதனால் பொருள் கைக்கு வந்த பிறகு பணம் கொடுப்பதைத்தான் பலர் விரும்புவார்கள். ஆர்டர் குவியும். பிரச்சினை, கதவைத் திறக்காதவர்கள், ‘இப்போது வேண்டாம்’ என்பவர்கள், போனை எடுக்காதவர்கள். பார்சல் திரும்பி வரும், போன கட்டணமும் வந்த கட்டணமும் உங்கள் தலையில்.

எண்ணாகப் பார்ப்போம். ஒரு சர்வீஸ் 50 ரேட் தருகிறது, திரும்பி வரவும் அதே 50. நூறு பார்சலில் இருபது திரும்புகின்றன. போக 5,000, திரும்ப 1,000, மொத்தம் 6,000. போய்ச் சேர்ந்தவை எண்பது. ஆக, சேர்ந்த ஒவ்வொரு பார்சலுக்கும் செலவு 75. இன்னொரு சர்வீஸ் ரேட் 60, நீங்கள் முன்பணம் கட்டியவர்களுக்கு மட்டும் அனுப்புகிறீர்கள், இரண்டு மட்டும் திரும்புகின்றன. மொத்தம் 6,120, சேர்ந்தவை தொண்ணூற்றெட்டு, ஒன்றுக்கு 62 சொச்சம். ரேட் கார்டில் மலிவாகத் தெரிந்த 50, நிஜத்தில் 60-ஐ விட விலை கூடியது. பணம் வசூலிக்கும் கட்டணத்தையும், வசூலான பணம் உங்கள் கணக்குக்கு வந்து சேர எடுத்துக்கொள்ளும் நாட்களையும் இதில் நான் சேர்க்கவே இல்லை. கையில் முதல் குறைவாக வைத்திருப்பவருக்கு அந்த நாட்கள்தான் மூச்சு முட்ட வைக்கும்.

வேடிக்கை என்னவென்றால் இது புதிய நோய் இல்லை. 1840-க்கு முன்பு பிரிட்டனில் கடிதத்துக்குப் பெரும்பாலும் பெறுபவர்தான் பணம் கொடுப்பார். வேண்டாம் என்று மறுத்தால் தபால்காரர் வெறுங்கையோடு திரும்ப வேண்டியதுதான். அனுப்புகிறவரே முன்கூட்டிக் கட்டுவது என்று மாற்றி, தபால் தலையைக் கொண்டுவந்து அதைத் தீர்த்தார்கள். நாம் தபால் தலை ஒட்ட முடியாது, ஆனால் ஒரு சிறு தொகையை முன்பணமாகக் கேட்கலாம், முன்பே கட்டுபவர்களுக்கு விலையில் கொஞ்சம் குறைக்கலாம், அனுப்புவதற்கு முன் ஒரு முறை போன் செய்து உறுதிப்படுத்தலாம். முன்பணம் கேட்டபோது ஆர்டர் எண்ணிக்கை குறைந்தது, மாதக் கடைசியில் மிஞ்சியது கூடியது. என் கடையில் நடந்ததைச் சொல்கிறேன், உங்களுக்கு வேறாக இருக்கலாம்.

தொலைந்தால், உடைந்தால்

இன்ஷூரன்ஸ் எடுக்கலாமா? விலை குறைந்த பொருளுக்கு வேண்டாம் என்பேன். ஒவ்வொரு ஆர்டரிலும் ஒரு சிறு பங்கை ஒதுக்கி வைத்து, தொலைந்ததற்கு அதிலிருந்து ஈடு செய்வது எளிது. விலை உயர்ந்த, லேசான பொருளுக்குக் கதை வேறு. மதிப்பை அறிவிக்காமல் அனுப்பினால் நிறுவனங்களின் பொறுப்பு பெரும்பாலும் ஒரு சிறு தொகையோடு முடிந்துவிடும், அல்லது எடையை வைத்துக் கணக்கிடப்படும். சர்வதேச விமானச் சரக்குக்கான 1999 மான்ட்ரியல் உடன்படிக்கையில் கிலோவுக்கு 22 எஸ்டிஆர் என்று இருந்த உச்சவரம்பு, 2024 டிசம்பர் 28 முதல் 26 ஆனது. எஸ்டிஆர் என்பது பன்னாட்டு நிதியத்தின் கணக்கு அலகு. 200 கிராம் வெள்ளி நகைக்கு அந்தக் கணக்கில் என்ன கிடைக்கும் என்று நீங்களே பெருக்கிப் பாருங்கள். இப்படிப்பட்ட பொருளை மதிப்பு அறிவித்து, கையெழுத்து வாங்கி ஒப்படைக்கும் சேவையில்தான் அனுப்ப வேண்டும். கண்ணாடி, பீங்கான் எடுத்துக்கொள்வார்கள், ஆனால் உடைந்தால் ஈடு இல்லை என்று விதிகளில் ஒரு மூலையில் எழுதியிருப்பார்கள், பணம் கட்டுவதற்கு முன் அந்த வரியைத் தேடிப் பாருங்கள். வாசனைத் திரவியம், நகப்பூச்சு, லித்தியம் பேட்டரி விற்பவர்கள் விமான வழியை நம்பித் திட்டமிட வேண்டாம். தனியாக அனுப்பும் லித்தியம் அயான் பேட்டரிகளைப் பயணிகள் விமானத்தில் சரக்காக ஏற்றுவது 2016 ஏப்ரல் முதல் தடை.

வெளிநாட்டு ஆர்டர் வந்தால் 2 கிலோவுக்கு உட்பட்டதைத் தபாலில் விடுங்கள். மதிப்பு 300 எஸ்டிஆர் வரை சிஎன் 22 என்ற சின்னச் சுங்கப் படிவம் போதும், அதற்கு மேல் சிஎன் 23. உள்ளே இருப்பதை ‘பரிசு’ என்றோ ‘பொருள்’ என்றோ மழுப்பாமல், ‘பருத்தித் துணிப் பை, 2’ என்று எழுதுங்கள். அங்கே போய் விழும் வரியை யார் கட்டுவது என்பதை ஆர்டர் எடுக்கும்போதே சொல்லிவிடுங்கள். விலை குறைந்த பார்சலுக்கு வரி இல்லை என்ற பழைய நம்பிக்கை இனி உதவாது. ஐரோப்பிய ஒன்றியம் 22 யூரோ வரை இருந்த மதிப்புக் கூட்டு வரி விலக்கை 2021 ஜூலையில் எடுத்துவிட்டது. அமெரிக்கா 800 டாலர் வரை இருந்த சலுகையை 2025 ஆகஸ்ட் 29 முதல் நிறுத்தி வைத்தது. எதிர்பாராத வரியைப் பார்த்து வாங்குபவர் மறுத்தால், திரும்பி வரும் கட்டணம் பல சமயம் பொருளின் விலையையே தாண்டிவிடும்.

மூன்று மாதம் கழித்து

ஒவ்வொரு பார்சலுக்கும் ஒரு வரி எழுதி வையுங்கள்: அனுப்பிய தேதி, எடை, ஊர், வழி, கட்டிய மொத்தம், சேர்ந்த தேதி, திரும்பியதா. மூன்று மாதம் இதைச் செய்தால், எந்தக் கூரியரின் விற்பனைப் பிரதிநிதி வந்தாலும் அவரிடம் வைத்துப் பேச உங்களிடம் ஒரு தாள் இருக்கும். அவர் முதல் ஸ்லாபில் இரண்டு மூன்று குறைத்துக் காட்டி முடித்துவிடப் பார்ப்பார். நீங்கள் அதை விட்டுவிட்டு, திரும்பி வரும் பார்சலுக்கு என்ன ரேட், வகு எண் என்ன, எடைத் தகராறை எத்தனை நாளுக்குள் தீர்ப்பீர்கள் என்று கேளுங்கள். என்னிடம் வந்தவர் வகு எண்ணைக் குறித்துக்கொண்டு, மேலதிகாரியிடம் கேட்டுச் சொல்கிறேன் என்று கிளம்பினார். இரண்டு நாள் கழித்து 6,000 என்று போனில் சொன்னார். ஷூ பெட்டிக் கணக்கில் அது 1.32 கிலோ, பில் ஒன்றரைக் கிலோவுக்கு வரும்.